கதவுக்குக் கண்

திருமறைக்காட்டிலே கதவு திறந்த கதையைத் தமிழ் படித்தோர் எல்லாரும் அறிவர். பாக்கு நீரிணைக்கு அப்பால், வேதாரணியம் என்னும் பெயரோடு இன்றும் விளங்கும் தலம் அது. மறைகள் பூசித்துக் காப்பிட்டுப் போன கதவைத் திறக்கும்படி அப்பர் பாடினார். கதவு எளிதில் இசையவில்லை. பதிகம் நீண்ட பின்னரே திறந்தது. அதனை மூடும்படி சம்பந்தர் பாடினார். முதற் பாட்டிலேயே மூடிக்கொண்டது. திறப்பதற்கு அத்துணைத் தாமதமும், மூடுதற்கு இத்துணை விரைவும் நேர்ந்ததை நினைந்து அப்பர் வருந்தினார் என்று பெரியபுராணம் சொல்லுகின்றது.

இக் கதையை நான் வகுப்பிலே பன்முறை சொல்லியிருக்கிறேன். திறத்தலும் மூடுதலும் இருவேறு செயல்கள், இரண்டையும் ஒரே கோலால் அளத்தல் ஆகாது என்பது மாத்திரம் எனக்குத் தோன்றியதில்லை. அதனை எனக்குக் கற்பித்தது, கனடாவிலே ஒரு கராஜின் கதவு.

சென்ற ஓகஸ்ட் விடுமுறையிலே என் மனைவியும் நானும் மார்க்கம் நகரிலுள்ள மகளின் வீட்டுக்குப் போயிருந்தோம். மகளுக்கு அது இரண்டாவது பிள்ளையின் ஏழாம் மாதம். அவ்வூரிலே வீட்டோடு ஒட்டியே வண்டிக்கொட்டில் உண்டு. அதனையே கராஜ் என்கின்றனர். எட்டடி அகலமும் ஏழடி உயரமும் உள்ள உருக்குக் கதவு அதற்கு. நம்மூர்ப் படலைபோலப் பக்கவாட்டில் அது திறப்பதில்லை. நான்கு பலகைகள் கீலால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, இருபுறத்துத் தண்டவாளங்களிலே உருளைகளால் ஊர்ந்து மேலேறி, தலைக்கு மேலே கூரையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அமெரிக்காவிலே சி. ஜி. ஜோன்சன் என்பவர் இவ்வகைக் கதவை 1921இலும், அதனை மின்னால் இயக்கும் பொறியை 1926இலும் ஆக்கினார் என்பர்.

மகள் வீட்டுக் கதவுக்குப் பொறி இல்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவளே குனிந்து தூக்குவாள். பிள்ளைத்தாய்ச்சி அப்படித் தூக்குவதைக் கண்ட என் மனைவி முதல்நாளே கலங்கிப் போனாள். பனிக்காலத்திலே கதவின் அடி நிலத்தோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்று கேட்டபின் எனக்கும் மனம் பொறுக்கவில்லை. மருமகன் மறுநாளே கடைக்குப் போய், மோட்டார்ப் பொறி ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினார். கூலிக்கு ஆள் பிடிக்காமல் தாமே பூட்டிவிடுவது என்பது அவருடைய எண்ணம். அங்கே பலரும் அப்படித்தான் செய்கின்றனர்.

"மாமா, நீங்கள் ஏணியைப் பிடித்தால் போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்" என்றார்.

பெட்டிக்குள்ளே ஒரு கைந்நூலும் இருந்தது. மருமகன் படங்கள் உள்ள பக்கத்துக்கு நேரே தாவினார். நான் பழகிய முறை வேறு. எந்த நூலையும் பாயிரத்திலிருந்தே தொடங்குபவன் நான். அவர் கருவிகளைப் பரப்பிக்கொண்டிருக்கையில், முன்பக்கத்து எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவற்றுள் முதன்மையானது, பொறியைத் தொடுமுன் கதவைச் சோதித்துக்கொள்க என்பது. கதவைக் கையால் அரைவாசிக்கு உயர்த்தி விடவேண்டும். நல்ல கதவானால் விட்ட இடத்திலே நிற்கும். விழுந்தாலும் ஏறினாலும் அது சமநிலை தவறிய கதவு.

சோதித்தோம். விட்ட கணத்திலேயே அது சரசரவென்று இறங்கி நிலத்தில் மோதிற்று.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் துலாவை அறிந்தவருக்கு இதன் காரணத்தை விளக்குவது எளிது. வாளி நிறைந்த தண்ணீரை ஒரு சிறுமியும் அள்ளுகின்றாள். அவள் கைவலியால் மாத்திரமா அது மேலே வருகின்றது? ஆடுகாலின் மறுபுறத்திலே துலாவின் அடிப்பாரம் இருந்து, தண்ணீரின் பாரத்தைத் தான் சுமக்கின்றது. கராஜ்க் கதவுக்கும் ஓர் அடிப்பாரம் உண்டு. நிலையின் மேலே ஓர் இரும்புத் தண்டைச் சுற்றி முறுக்கி வைத்த விற்சுருள் அது. கதவு இறங்கும்போது சுருள் முறுகும். ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து கதவைத் தூக்கிக் கொடுக்கும். ஏறத்தாழ அறுபது கிலோ எடையுள்ள கதவை அரைக் குதிரைவலு மோட்டார் ஒன்று தூக்குவதாக நாம் நினைக்கின்றோம். உண்மையிலே தூக்குவது சுருள். மோட்டார் கைகொடுத்து நடத்துகின்றது.

அச் சுருளுக்கும் ஆயுள் உண்டு. பொதுவாக அதனைப் பத்தாயிரம் முறை திறந்து மூடும் அளவுக்கே செய்கின்றனர். நாளொன்றுக்கு நான்கு முறை என்று கொண்டால் ஏழாண்டுக்குள் அது முடிந்துவிடும். வீடோ கட்டிப் பத்தாண்டு கடந்தது. மகள் இத்தனை காலமும் துலாவின் அடிப்பாரம் இல்லாமலே தண்ணீர் அள்ளியிருக்கிறாள்.

"மோட்டார் பூட்டினால் அதுவே இழுத்துக்கொள்ளும், மாமா" என்றார் மருமகன்.

இழுக்கும். கேடும் அங்கேதான் இருக்கின்றது. சமநிலை கெட்ட கதவை இழுப்பதற்கு மோட்டாரின் விசையைக் கூட்டி வைக்கவேண்டும். கூட்டி வைத்தபின், கதவின் கீழே ஒருவர் அகப்பட்டாலும் அந்தத் தடையை அது உணராமல் நெருக்கும். கைந்நூல் இதனை ஒரே வரியிலே சொல்லியிருந்தது. அடுத்த வரியிலே, விற்சுருளை வீட்டார் தொடலாகாது என்றும் இருந்தது. முறுக்கேறிய சுருள் கைதவறி அவிழ்ந்தால் எலும்பை முறிக்கும், உயிரையும் எடுக்கும். மருமகன் சிறிது நேரம் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு அதற்கென்றே உள்ள தொழிலாளி ஒருவரை அழைத்தார். அவர் இரண்டு உருக்குக் கோல்களால் பழைய சுருளைக் கால்வாசி கால்வாசியாக அவிழ்த்து, புதிய சுருளை அவ்வாறே முறுக்கினார். ஒரு மணிநேரத்துக்குள் வேலை முடிந்தது. கதவை அரைவாசியிலே விட்டேன். தியானத்தில் இருப்பவர்போல அசையாமல் நின்றது.

தன் கையால் செய்வது நன்று. தன் கை எதைச் செய்யலாகாது என்று அறிவதும் அதனுள் அடங்கும்.

மறுநாட் காலையிலே பொறி பூட்டும் வேலை தொடங்கிற்று. முதலிலே கதவின் நடுவைக் கண்டு, அதற்கு நேர்மேலே சுவரில் ஒரு கோடு கீறினோம். கதவு மேலேறும்போது அதன் தலை எட்டும் மிக உயர்ந்த இடத்தை அளந்து, அதற்கு இரண்டங்குலம் மேலே ஓர் இரும்புக் கொளுவியைத் திருகாணியால் இறுக்கவேண்டும். அவ்வீடுகளின் சுவர் நம் வீட்டுக் கற்சுவர் அன்று. மரச்சட்டத்தின்மேலே மெல்லிய சாந்துப் பலகை அறைந்தது. பலகையிலே மாத்திரம் ஏறிய ஆணி ஒரு நாளும் பாரம் தாங்காது. தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல விரலால் தட்டிக்கொண்டே போனோம். வெற்றிடம் வெற்றொலி தந்தது. மரம் உள்ள இடம் கனத்த ஒலி தந்தது. அங்கே முதலிற் சிறு துளையிட்டுப் பின்பு ஆணியைச் செலுத்தினோம். துளையிடாது செலுத்தினால் மரம் பிளக்கும்.

பின்பு தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பொருத்தி, சங்கிலியைக் கப்பியிலே சுற்றி, அதில் ஓடும் சிறு வண்டிலைக் கோத்தோம். தண்டவாளத்தின் ஒரு தலையைக் கொளுவியிலே மாட்டி, மோட்டார் உள்ள மறுதலையை ஏணியின் உச்சியிலே சாத்தி வைத்தோம். கதவை முழுதும் திறந்து, அதன் முதுகிலே ஒரு பலகைத் துண்டை வைத்து, தண்டவாளத்தை அப்பலகையிற் படிய விட்டால் உயரம் தானே அமைந்துவிடும். இந்த உபாயமும் கைந்நூல் சொன்னதே. துளைகள் நிறைந்த இரும்புச் சட்டங்களாலே மோட்டாரைக் கூரையின் குறுக்குமரங்களோடு பிணைத்தபின் ஏணி விடுதலை பெற்றது. நானும் விடுதலை பெற்றேன்.

கதவின் தகடு மெல்லியது. பொறியின் கையை அதிலே நேராகப் பூட்டினால் தகடு நெளியும். ஆதலால் ஒரு வலுச்சட்டத்தைக் குறுக்கே வைத்து அதன்மேலே பூட்டினோம். கதவிலே முன்பு இருந்த தாழ்ப்பாளைச் செயலறச் செய்தோம். தாழ் விழுந்து கிடக்கையிலே மோட்டார் இழுத்தால் முறிவது எது என்று சொல்லமுடியாது. சுவரிலே வைக்கும் அழுத்து பொத்தானை நிலத்திலிருந்து ஐந்தடிக்கு மேலே, கதவு கண்ணுக்குத் தெரியும் இடத்திலே வைத்தோம். நாலு வயதுப் பேர்த்திக்கு எட்டாத உயரம் அது.

வண்டிலிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்குகின்றது. இழுத்தால் மோட்டாருக்கும் கதவுக்கும் உள்ள தொடர்பு அறும். கதவைக் கையால் தூக்கலாம். 1990க்குப் பின் ஆண்டுக் கணக்காக மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்திலே வாழ்ந்தவன் நான். மின்னை நம்பும் எதற்கும் மின்னில்லாத வழி ஒன்று வேண்டும் என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவை மூடிவைத்து, மகளை அழைத்துக் கயிற்றை இழுக்கச் செய்தேன். புதிய சுருளின் துணையால் அவள் ஒரு கையாலே கதவைத் தூக்கினாள். "அப்பா, இது இவ்வளவு லேசா?" என்று அவள் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிற்று. இதே கதவைத்தான் அவள் மூச்சுப் பிடித்துத் தூக்கி வந்தாள்.

அலிபாபாவின் கதையை இளமையிலே கேளாதவர் இலர். அக் குகையின் கதவிலே இரண்டு பிழைகள் உண்டு என்று அன்று எனக்குப் பட்டது. உள்ளே அகப்பட்ட தமையன் மந்திரச் சொல்லை மறந்தான்; வெளிவர வேறு வழியின்றி மாண்டான். அக் குகைக்குச் சிவப்புக் கயிறு இல்லை. திருடர்களோ நாள்தோறும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். ஒருமுறை ஒளிந்திருந்து கேட்டவன் உள்ளே புகுந்தான். முற்காலத்துக் கைக்கருவிகளும் மாறாத ஒரே குறியைத்தான் அனுப்பின. 1990களின் நடுப்பகுதியிலிருந்து இந்நிலை மாறிற்று. இப்பொழுது உள்ள கருவி, பொத்தானை அழுத்துந்தோறும் புதிய குறியை அனுப்புகின்றது. நேற்றைய சொல் இன்று செல்லாது.

இனிக் கண்களைப் பற்றிச் சொல்லவேண்டும். பொறியோடு இரண்டு சிறு கண்கள் வருகின்றன. கதவின் இருபுறத்தும், நிலத்திலிருந்து ஆறங்குலத்துக்கு மேற்படாமல், ஒன்றை ஒன்று நோக்க அவற்றை வைக்கவேண்டும். ஒரு கண் நமக்குப் புலனாகாத கதிரை அனுப்பும். மற்றது அதனைப் பெறும். கதவு இறங்கும்போது இடையிலே ஏதேனும் குறுக்கிட்டுக் கதிர் அறுந்தால், கதவு நின்று மேலே திரும்பிவிடும். ஆறங்குலம் என்ற கணக்கு எதற்கு? தவழும் பிள்ளையும் நிலத்திலே விழுந்து கிடப்பவரும் தப்பாமல் அகப்படுவதற்கு.

இந்தக் கண்கள் ஆக்கியோரின் அலங்காரமாக வந்தவை அல்ல. தானியங்கும் கராஜ்க் கதவுகளின் கீழே நசுங்கி அமெரிக்காவிலே பல சிறுவர்கள் இறந்தார்கள். அதன் பின்னரே 1990இல் அந்நாட்டு அரசு சட்டம் ஒன்றை இயற்றிற்று. வீடுகளுக்கென 1993 ஜனவரி முதல் செய்யப்படும் பொறிகளிலே, விசையை உணர்ந்து திரும்பும் அமைப்போடு, இத்தகைய இன்னொரு காவலும் வேண்டும் என்று விதியாயிற்று. கனடாவிலே நாம் வாங்கியதும் அக் கண்களோடு வந்ததே.

கண்களைப் பூட்டி, சுவரோரமாக வயரை ஓட்டி முடித்தபோது மாலை ஆறு மணி. பொத்தானை அழுத்தினார் மருமகன். கதவு அழகாகத் திறந்தது. மீண்டும் அழுத்தினார். ஓரடி இறங்கி, நின்று, மேலே போய்விட்டது. கதிரைப் பெறும் கண்ணிலே விளக்கு நிலையாக எரியாமல் மினுங்கிற்று. இடம் வலமாகத் திருப்பினோம், துடைத்தோம், வயரை மாற்றி முடிந்தோம். ஏழு மணியாயிற்று. கதவு திறக்கும், மூடாது. திருமறைக்காடு தலைகீழாயிற்று.

மருமகன் களைத்துப் போனார். விடிந்தால் வேலைக்குப் போகவேண்டியவர். "மாமா, என்னோடு வேலைசெய்யும் ஒருவர் இப்படித்தான் மினக்கெட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணையும் கழற்றி, எதிரெதிராக வைத்து ரேப் சுற்றிக் கூரையிலே கட்டிவிட்டார். கதிர் எப்போதும் அறாது, கதவும் குழப்படி செய்யாது" என்றார்.

கண்ணைப் பிடுங்கிவிட்டுக் கண் இருப்பதாகக் கதவை நம்பச் செய்வது அது. "தம்பி, அதற்கு நான் உடன்படமாட்டேன்" என்றேன். என் குரல் நான் எண்ணியதிலும் உரத்து எழுந்தது. மாமனும் மருமகனும் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். மகள் கதவடியிலே வந்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விருந்தாக வந்த இடத்திலே வாய்விட்டேனே என்று எனக்கும் கூச்சமாயிற்று.

அப்பொழுதுதான் தெற்குப் புறத்திலே இருந்த கண்ணின்மேலே வெயில் விழுந்து கிடப்பதைக் கண்டேன். வீடு மேற்கு நோக்கியது. கோடையிலே அந்நாட்டுச் சூரியன் நேர்மேற்கிலே மறைவதில்லை, வடமேற்கிலே சாய்கின்றான். தெற்கிலே இருந்து வடக்கு நோக்கும் கண்ணுக்குள்ளே மாலை வெயில் நேரே பாய்ந்தது. கதிரைப் பெறும் கண் அதுவே. சூரிய ஒளியின் வெள்ளத்திலே அந்தச் சிறு கதிர் எப்படித் தெரியும்? என் கையால் நிழல் செய்தேன். மினுங்கிய விளக்கு நிலைத்து எரிந்தது.

"தம்பி, இரண்டு கண்ணையும் இடம் மாற்றுவோம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அனுப்பும் கண் தெற்கிலும் பெறும் கண் வடக்கிலுமாக மாற்றினோம். இருபது நிமிட வேலை. கதவு மூடிற்று.

இன்னும் ஒரு சோதனை எஞ்சியிருந்தது. ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள பலகையைக் கதவின் நடுவிலே நிலத்திற் கிடத்தி, கதவை இறக்கவேண்டும். பலகையைத் தொட்டதும் அது மேலே திரும்பவேண்டும். முதல்முறை தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. இறங்கும் எல்லையை மருமகன் சிறிது திருத்தினார். இரண்டாம் முறை தொட்டது, திரும்பியது. பலகையை எடுத்துவிட்டு, கதிரின் குறுக்கே ஒரு வெறும் பெட்டியை நீட்டினோம். இறங்கி வந்த கதவு, பெட்டியைத் தொடாமலே நின்று மேலே போயிற்று. இச் சோதனைகளை மாதம் ஒருமுறை செய்க என்கிறது கைந்நூல். மருமகன் நாட்காட்டியிலே குறித்துக்கொண்டார்.

பார்த்துக்கொண்டிருந்த பேர்த்தி என் வேட்டியைப் பிடித்திழுத்தாள். "அம்மப்பா, கதவுக்குக் கண் இருக்கா?"

"இருக்கிறது, பிள்ளை."

"திறக்கேக்கையும் பாக்குமா?"

நான் மருமகனைப் பார்த்தேன். அவர் இல்லை என்று தலையசைத்தார். திறக்கும்போது கண்ணுக்கு வேலை இல்லை. மூடும்போது மாத்திரமே கதவு பார்க்கவேண்டும்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் குரல் அவ்வளவு உரத்து எழுந்தது ஏன் என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, கல்லூரியிலே காலை மணி அடித்ததும் படலையைச் சாத்துவிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. நேரந் தவறாமை நல்லொழுக்கத்தின் முதற்படி என்று நம்பியவன் நான். மணி ஓய்வதற்கும் படலை சாத்துவதற்கும் இடையிலே ஒரு மூச்சு விடமாட்டேன். பிந்தி வருவோர் திரும்பிப் போகவேண்டும். அவர்களுள் ஒரு மாணவன் நாள்தோறும் வெகு தூரத்திலிருந்து சைக்கிளிலே வருபவன். வியர்க்க வியர்க்கப் படலைக்கு வெளியே நிற்பான். கிழமைக்கு இரண்டு நாளாவது அப்படி நடந்தது. ஒரு நாளும் அவனை ஏன் என்று நான் கேட்டதில்லை. பின்பு அவன் வரவில்லை. தந்தை இல்லாத அந்தப் பிள்ளை விடியுமுன் எழுந்து, தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவன் என்பதைப் பிறர் சொல்ல அறிந்தேன். அறிந்தபோது அவன் படிப்பை விட்டு ஓராண்டு ஆகியிருந்தது. தமிழிலே அவன் எழுதிய ஒரு கட்டுரைக்கு நானே வகுப்பில் முதற் புள்ளி இட்டிருந்தேன் என்பதும் அப்பொழுதே நினைவுக்கு வந்தது.

படலையைச் சாத்தியது பிழை என்று இன்றும் நான் சொல்லேன். கதவு என்று இருந்தால் மூடத்தான் வேண்டும். மூடுமுன் ஆறங்குல உயரத்திலே குனிந்து பார்த்தேனா என்பதே கேள்வி. அப்பர் பாடித் திறந்ததுபோலப் பாடஞ் சொல்லித் திறக்கும் பேறு ஆசிரியராகிய நமக்குச் சில நாள்களில் வாய்க்கின்றது. சாத்தும் வேலையோ நாள்தோறும் வருகின்றது. மணி, தவணைப் பரீட்சை, புள்ளி, "நீ இதற்கு உதவாய்" என்னும் ஒரு சொல், இவையெல்லாம் கதவுகளே. அவற்றை மிக விரைவாகவே மூடுகின்றோம்.

புரட்டாதியிலே மகளுக்கு ஆண் குழந்தை பிறந்ததாக மருமகன் தொலைபேசியிலே சொன்னார். தாயையும் பிள்ளையையும் ஏற்றிவந்த கார், கராஜின் உள்ளே போய் நின்றதாம். இம் மாதச் சோதனையும் ஆயிற்றா என்று கேட்டேன்.

"நேற்றே செய்துவிட்டேன், மாமா. பெட்டியை நீட்டியது உங்கள் பேர்த்தி" என்றார்.